குற்றம் யாருடையது? – 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' புதினமும் சிறார் வாசகரின் உரையாடலும்

ஆய்வுச்சுருக்கம்

கேத்தரின் பேட்டர்சன் எழுதி 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரிட்ஜ் டு டெரபித்தியா', நட்பையும் இழப்பையும் பேசும் சிறார் புதினமாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. தனித்து வாசிக்கும்போது லெஸ்லி என்னும் சிறுமியின் மரணம் வாசகரின் மனத்தை முழுமையாக ஆட்கொண்டுவிடுகிறது. சிறார் ஒன்றுகூடி அப்புதினத்தைப் பற்றிப் பேசும்போது, மரணத்தின் நிழலில் மறைந்து கிடக்கும் குடும்பக் கதை வெளிப்படுவதற்கு வழி ஏற்படுகிறது. அவ்வாறு வெளிப்படுவதற்கு எவ்வகை வினாக்கள் துணைசெய்கின்றன, எவை தடையாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. லூயிஸ் ரோசன்பிளாட், வுல்ஃப்காங் ஈசர், எய்டன் சேம்பர்ஸ் ஆகியோரின் கருத்துகள் இவ்விளக்கத்திற்குக் கருவிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சிறார் புதினம், வாசகர் எதிர்வினை, கூட்டு வாசிப்பு, நட்பு, குடும்பம், குற்றவுணர்வு, கேத்தரின் பேட்டர்சன்

முன்னுரை

கதை ஒன்றை வாசித்து முடித்த சிறாரிடம் பெரியவர்கள் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் "இக்கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்பதாகவே இருக்கும். பள்ளிப் பழக்கம் உள்ள சிறுவர் எவரும் இவ்வினாவிற்குத் தடுமாறுவதில்லை. நட்பு உயர்ந்தது, பெற்றோர் சொல் கேட்க வேண்டும், பிறர்க்கு உதவ வேண்டும் என ஏதேனும் ஒரு விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. கதையை வாசிக்காமலேயே அவ்விடையைச் சொல்லிவிட முடியும் என்பதுதான் அதிலுள்ள குறை. வாசிக்கும்போது எந்த இடத்தில் நெஞ்சு பதறியது, எந்த இடம் விளங்காமல் போயிற்று, எந்தப் பாத்திரத்தின்மேல் சினம் வந்தது என்பனவெல்லாம் கேட்கப்படாமலே போகின்றன.

இலக்கியத்தின் பொருள் பனுவலுக்குள் மட்டும் இருப்பதன்று, வாசகரின் மனத்திற்குள் மட்டும் இருப்பதும் அன்று, இரண்டும் சந்திக்கும் நிகழ்வில் பிறப்பது என்னும் கருத்தை அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே முன்வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1978இல் வெளிவந்த மற்றொரு நூலில் அவர் வாசிப்பின் இரு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். செய்தியை எடுத்துக்கொண்டு செல்வதற்காக வாசிப்பது ஒரு நிலை. வாசிக்கும் கணத்திலேயே வாழ்ந்து உணர்வது மற்றொரு நிலை. நஞ்சை விழுங்கிவிட்ட குழந்தையின் தாய் புட்டியின் மேல் ஒட்டப்பட்ட குறிப்பைப் பதற்றத்தோடு வாசிப்பதை முதல் நிலைக்கு அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். அத்தாய்க்குச் சொல்லழகு வேண்டியதில்லை. மாற்றுமருந்தின் பெயர் தெரிந்தால் போதும். "என்ன தெரிந்துகொண்டாய்?" என்னும் வினா சிறார் புதினத்தையும் மருந்துப் புட்டியாக்கிவிடுகிறது.

இவ்வினாவிற்கு எளிதில் இடங்கொடுக்காத புதினங்களுள் ஒன்று 'பிரிட்ஜ் டு டெரபித்தியா'. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எவ்விதத் தவறும் செய்யாமல் இறந்துபோகிறாள். அந்த மரணத்திலிருந்து "தெரிந்துகொள்ள" என்ன இருக்கிறது என்று கேட்டால், கதையின் ஆசிரியராலும் எளிதில் விடை சொல்ல இயலாது.

புதினம் பிறந்த சூழல்

பேட்டர்சன் 1932ஆம் ஆண்டில் சீனாவில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்களின் மகளாகப் பிறந்தவர். 1974ஆம் ஆண்டில் அவருடைய குடும்பம் மேரிலாந்து மாநிலத்தில் வசித்துவந்தது. அவ்வாண்டில் அவர் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டின் கோடையில், அவருடைய மகன் டேவிட்டின் உயிர்த்தோழியான லிசா என்னும் எட்டு வயதுச் சிறுமி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்தாள். மகனின் துயரத்திற்குப் பொருள் காணும் முயற்சியாகவே பேட்டர்சன் இப்புதினத்தை எழுதத் தொடங்கினார்.

எழுத்து ஓரிடத்தில் நின்றுபோயிற்று. லெஸ்லி இறக்கும் பகுதியை அவரால் எழுத இயலவில்லை. புத்தகம் எவ்வாறு வளர்கிறது என்று கேட்ட தோழியிடம், லெஸ்லியின் மரணத்தை எதிர்கொள்ள முடியவில்லை என்று அவர் கூறினார். எதிர்கொள்ள முடியாதது லெஸ்லியின் மரணம் அன்று, பேட்டர்சனின் சொந்த மரணமே என்று அத்தோழி மறுமொழி கூறியதாகப் பேட்டர்சன் பின்னர்ப் பதிவுசெய்துள்ளார். அதன் பின்னரே அப்பகுதி எழுதப்பட்டது. பதிப்பாசிரியர் வர்ஜீனியா பக்லி கையெழுத்துப் படியை வாசித்துவிட்டு, இது மரணத்தைப் பற்றிய கதையா நட்பைப் பற்றிய கதையா என்று கேட்டதும் அவரால் நினைவுகூரப்பட்டுள்ளது. அதுவரை மரணத்தைப் பற்றிய கதை என்றே கருதியிருந்த பேட்டர்சன், அவ்வினாவிற்குப் பிறகுதான் நட்பின் கதையாக அதைத் திருத்தி எழுதினார்.

மூன்றாவதாக ஒரு வாசகர் உண்டு. எழுதி முடித்த கதையைப் பேட்டர்சன் தம் மகனுக்குக் காட்டினார். நூல் டேவிட்டுக்கே காணிக்கையாக்கப்பட்டிருந்தது. கதையை வாசித்த பின், அந்தப் பக்கத்தில் லிசாவின் பெயரையும் சேர்க்கும்படி அச்சிறுவன் கேட்டுக்கொண்டான். அச்செய்தியும் லிசாவின் பெயரும் காணிக்கைப் பக்கத்திலேயே அச்சாகியுள்ளன. இப்புதினத்தைப் பற்றிய முதல் சிறார் வாசகரின் கருத்து எது என்று கேட்டால், அக்காணிக்கைப் பக்கத்தையே காட்டலாம். கதை நன்றாக இருக்கிறது என்றோ துயரமாக இருக்கிறது என்றோ அவன் சொன்னதாகப் பதிவு இல்லை. விடுபட்ட ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னான். சிறாரின் எதிர்வினை மதிப்பீடாக மட்டுமே அமையும் என்று எதிர்பார்ப்போர் இந்நிகழ்வைக் கருத்தில் கொள்வது நலம்.

ஆக, இப்புதினம் அச்சேறுவதற்கு முன்னரே மூன்று உரையாடல்களால் உருப்பெற்றுள்ளது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் முதன்மைப் பரிசான நியூபெரி பதக்கத்தைப் பெற்று, அந்நாட்டுப் பள்ளி வகுப்பறைகளில் பரவலாக வாசிக்கப்பட்டுவரும் நூலாகவும் ஆனது. 2007ஆம் ஆண்டில் திரைப்படமானபோது திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவர், வளர்ந்துவிட்ட அந்த டேவிட்.

நட்பின் கதைக்குள் குடும்பக் கதை

கதைத் தலைவன் ஜெஸ் ஆரன்ஸ், வர்ஜீனியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழும் ஐந்தாம் வகுப்பு மாணவன். நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒரே மகன். மூத்தவர் இருவர் எல்லியும் பிரெண்டாவும். இளையவர் இருவர் மே பெல்லும் ஜாய்ஸ் ஆனும். தந்தை நாள்தோறும் வாஷிங்டன் நகரம்வரை வண்டியோட்டிச் சென்று உழைத்துத் திரும்புகிறார். பசுவின் பால் கறப்பது ஜெஸ்ஸின் பொறுப்பு. பள்ளியிலேயே வேகமாக ஓடுபவனாக வேண்டும் என்பது அவன் கனவு. ஓவியம் வரைவது அவன் கமுக்கமான மகிழ்ச்சி. புதிதாகக் குடிவந்த லெஸ்லி பர்க் என்னும் சிறுமி ஓட்டப்பந்தயத்தில் அவனை வென்றுவிடுகிறாள். அங்கிருந்து தொடங்கும் நட்பு, ஓடையைக் கயிற்றில் ஊசலாடிக் கடந்தால் மட்டுமே அடையக்கூடிய டெரபித்தியா என்னும் கற்பனை நாட்டை இருவருமாகச் சேர்ந்து படைப்பதில் முழுமை பெறுகிறது. மழையால் ஓடை பெருக்கெடுத்த ஒரு நாளில், ஜெஸ் இசை ஆசிரியை எட்மண்ட்ஸ் அவர்களோடு வாஷிங்டன் ஓவியக் கூடத்தைக் காணச் சென்றிருக்கும்போது, லெஸ்லி தனியே ஓடையைக் கடக்க முயல்கிறாள். கயிறு அறுகிறது.

கதைச் சுருக்கமாகச் சொல்லும்போது, இவ்வாறு நட்பே முன்னிற்கும். புதினத்தின் பக்கங்களைப் புரட்டினாலோ ஜெஸ்ஸின் வீடு எங்கும் நிறைந்திருக்கிறது. பள்ளி திறக்குமுன் பொருள் வாங்குவதற்காக மூத்த சகோதரிகள் தாயிடம் ஐந்து டாலருக்கு மன்றாடும் காட்சி, அக்குடும்பத்தின் நிலையைச் சில வரிகளில் உணர்த்திவிடுகிறது. வேலை முடிந்து வரும் தந்தையை இளைய மகள்கள் ஓடிச்சென்று கட்டிக்கொள்கின்றனர். ஜெஸ் தள்ளி நின்று பார்க்கிறான். தந்தை அவனைத் தூக்கிக் கொஞ்சிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஓவியராக வேண்டும் என்று மகன் சொன்னதை ஆண்மைக்கு இழுக்காக எண்ணும் தந்தை அவர். கிறித்துமஸ் நாளில் ஓடு பந்தயக் கார்த் தொகுதி ஒன்றை மகனுக்கு வாங்கித் தருகிறார். அது மலிவான பொருள். கார்கள் தடம்விட்டு விழுகின்றன. தந்தையின் முகம் வாடிவிடக் கூடாதே என்று மகன் மகிழ்ச்சியுற்றவனாக நடிக்கிறான். இளம் வாசகர் பலர் விரைந்து கடந்துவிடக்கூடிய பக்கம் இது. தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் மகிழ்விக்க முயன்று, இருவருமே தோற்றுப்போகும் இந்தச் சிறு காட்சி, மரணம் நிகழும் பகுதிக்குச் சற்றும் குறையாத துயரம் உடையது என்று துணிந்து கூறலாம்.

லெஸ்லியின் வீடு இதற்கு நேர்மாறானது. எழுத்தாளர்களான பெற்றோரை அவள் பில், ஜூடி என்று பெயர் சொல்லியே அழைக்கிறாள். வீட்டில் நூல்கள் உண்டு, தொலைக்காட்சி இல்லை. பணத்திற்குக் குறைவில்லை. லெஸ்லி தன் தந்தையோடு சேர்ந்து பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியதும், தோழியைத் தந்தையிடம் இழந்துவிட்டதாக ஜெஸ் பொறாமை கொள்கிறான். பொறாமை தோழியின்மேல் எழுந்ததா, அத்தகைய தந்தை தனக்கு இல்லையே என்பதில் எழுந்ததா என்று புதினம் பிரித்துக் கூறவில்லை.

சொல்லாமல் விடப்பட்ட இடங்கள்

ஜெர்மானியத் திறனாய்வாளர் வுல்ஃப்காங் ஈசர், பனுவலில் சொல்லாமல் விடப்பட்ட இடங்களை வெற்றிடங்கள் எனக் குறிப்பிட்டார். அவ்விடங்களை நிரப்பும் முயற்சியில்தான் வாசகர் கதைக்குள் நுழைகிறார் என்பது அவர் கொள்கை. பேட்டர்சனின் புதினம் படர்க்கையில் சொல்லப்பட்டாலும் முழுவதும் ஜெஸ்ஸின் பார்வைக்குள்ளேயே நிற்கிறது. இதன் விளைவாக அடிப்படையான இரு வெற்றிடங்கள் உருவாகின்றன.

லெஸ்லி இறக்கும் காட்சி புதினத்தில் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. வாஷிங்டனிலிருந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் ஜெஸ்ஸிடம் அவன் அக்காள் பிரெண்டா சற்றும் பக்குவமின்றிச் செய்தியைப் போட்டு உடைக்கிறாள். வாசகரும் அந்நொடியில்தான் அதை அறிகிறார். அறுந்த கயிற்றின் செய்தியைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை. அன்று காலை ஜெஸ் வராதபோது லெஸ்லி என்ன நினைத்தாள்? அவனுக்காகக் காத்திருந்தாளா? அவன் முன்னரே டெரபித்தியாவிற்குச் சென்றுவிட்டான் என்று கருதித் தேடிப் போனாளா? லெஸ்லியின் மனம் புதினம் முழுவதும் மூடியே இருப்பதால், இவ்வினாக்களுக்குப் பனுவலில் விடை இல்லை. தனித்து வாசிக்கும் சிறுமி ஒருத்தி இவ்வெற்றிடத்தைத் தன்னை அறியாமலேயே ஒரு விதமாக நிரப்பிக்கொண்டு மேலே செல்வாள். அருகில் அமர்ந்து அதே பக்கத்தை வாசித்த மற்றொருவன் வேறு விதமாக நிரப்பியிருக்கிறான் என்று தெரியவரும்போதுதான், அங்கே ஒரு வெற்றிடம் இருந்தது என்பதே அவளுக்குப் புலப்படும். கூட்டு வாசிப்பின் முதற்பயன் இதுவே.

மற்றொரு வெற்றிடம் ஜெஸ்ஸின் தந்தை. அவர் எண்ணுவது எதுவும் வாசகருக்குச் சொல்லப்படுவதில்லை; செய்வது மட்டுமே காட்டப்படுகிறது. மரணச் செய்தியைக் கேட்டு இலக்கின்றி ஓடும் மகனை அவர் வண்டியில் பின்தொடர்ந்து சென்று, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வருகிறார். பின்னர், லெஸ்லி பரிசாகத் தந்த வண்ணப்பெட்டியை மகன் ஓடையில் வீசியெறிந்துவிட்டுக் கதறும்போது, ஓடைக்கரையில் அவனைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறார். எதற்காக ஏங்கி ஜெஸ் தொலைவில் நின்றானோ, அதுவே தோழியின் மரணத்தின் வழியாக அவனுக்குக் கிடைக்கிறது. இந்தக் கொடுமையான ஈடு குறித்துப் புதினம் ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

'ஏன்' என்பதும் 'சொல்லேன்' என்பதும்

சிறார் நூல் உரையாடலுக்கு முறையான ஒரு வடிவத்தைத் தந்தவர் ஆங்கிலேய எழுத்தாளரும் ஆசிரியருமான எய்டன் சேம்பர்ஸ். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெல் மீ' என்னும் நூலில் அவ்வடிவம் விரிவாக விளக்கப்பட்டுள்ளது. அதன் அடிப்படை வினாக்கள் நான்கு. இந்நூலில் பிடித்தது ஏதேனும் உண்டா, பிடிக்காதது உண்டா, புதிராக இருந்தது உண்டா, ஒன்றோடொன்று தொடர்புடையனவாக, திரும்பத் திரும்ப வருவனவாக ஏதேனும் தென்பட்டதா என்பனவே அவை. சிறார் கூறும் விடைகளை ஆசிரியர் கரும்பலகையில் நான்கு பத்திகளாக, கூறியவரின் பெயரோடு சுருக்கமாக எழுதிக்கொள்கிறார். ஒரு பத்தியில் உள்ளது மற்றொரு பத்தியில் உள்ளதோடு தொடர்புறும் இடங்களைக் கோடிட்டு இணைக்கிறார். கோடுகள் அதிகம் குவியும் இடத்திலிருந்து உரையாடல் தொடங்குகிறது. பேசுபொருளைத் தீர்மானிப்பது ஆசிரியரின் குறிப்பேடு அன்று, சிறாரின் பட்டியலே என்பதுதான் இதன் உயிர்நிலை.

சேம்பர்ஸ் தவிர்க்கச் சொன்ன ஒரு சொல் 'ஏன்'. பிடித்திருந்தது என்று ஒரு சிறுமி சொன்னதும் "ஏன்?" என்று கேட்பது இயல்பாகத் தோன்றினாலும், கேட்கப்படுபவருக்கு அது குறுக்கு விசாரணையாகவும் தேர்வாகவும் ஒலிக்கிறது. மேலும் அது மிகப் பெரிய வினா. ஒரே மூச்சில் விடைசொல்லத் தக்கதன்று. அதற்குப் பதிலாக 'சொல்' என்னும் பொருள்தரும் வேண்டுகோளையே அவர் நூலின் தலைப்பாக வைத்தார். தமிழில் இதனை 'சொல்லேன்' எனலாம். ஏவல் வினையோடு 'ஏன்' சேரும்போது 'வாயேன்', 'சொல்லேன்' எனக் கட்டளை நெகிழ்ந்து வேண்டுகோளாகிவிடுகிறது. ஒரே ஒலி தனித்து நின்றால் விசாரணையாகவும், வினையோடு ஒட்டி நின்றால் அழைப்பாகவும் அமைவது சேம்பர்ஸின் வேறுபாட்டைத் தமிழ் வாசகர்க்கு எளிதில் விளக்கிவிடும்.

உடன்பயில்வோரோடு பேசிப் பழகுவதன் பயனைத் தமிழ் இலக்கண மரபும் கணக்கிட்டுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைத்ததை நிறைவாகக் கொண்டாலும் கல்வி கால் பங்கே ஆகும் என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மேலும் ஒரு கால் சேரும் என்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்றும் கூறுகிறது. பவணந்தியார் கருதியது நூற்கல்வியை. கதை வாசிப்பை அன்று. எனினும் ஆசிரியரின் பங்கைக் காலளவோடு நிறுத்திய அந்தக் கணக்கு இங்கும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

பேட்டர்சனின் புதினத்தில் நான்கு வினாக்களுள் பெரும்பயன் தருவது மூன்றாவது. பிடித்தவை, பிடிக்காதவை என்னும் பத்திகளில் லெஸ்லியே நிறைந்திருப்பாள் என்று எதிர்பார்க்கலாம். டெரபித்தியா பிடித்தது, அவள் இறந்தது பிடிக்கவில்லை என்பதோடு அவை பெரும்பாலும் நின்றுவிடும். புதிர்களைக் கேட்கும்போதுதான் வீடு உள்ளே வரும். தோழி இறந்த மறுநாள் காலை ஜெஸ் எவ்வாறு பசியோடு உணவு உண்ண முடிந்தது? அவ்வளவு அன்புடைய தங்கை மே பெல்லை ஏன் அடித்தான்? வகுப்பில் எல்லாரும் வெறுக்கும் ஆசிரியை மையர்ஸ் அவனைத் தனியே அழைத்துத் தம் கணவர் இறந்த கதையை ஏன் சொன்னார்? இவ்வினாக்களில் 'ஏன்' உண்டு. ஆனால் இதைச் சிறார் பனுவலை நோக்கிக் கேட்கின்றனர். பெரியவர் சிறாரை நோக்கிக் கேட்கவில்லை.

சேம்பர்ஸ் தரும் வினாக்களுள் ஒன்று இப்புதினத்திற்கென்றே அமைந்தது போன்றது. உங்களை மிகவும் ஈர்த்த பாத்திரம் எது, இது உண்மையில் அவரைப் பற்றிய கதைதானா, வேறொருவரைப் பற்றியதா என்பதே அது. லெஸ்லி என்று உடனே விடை வரும். அடுத்து அமைதி நிலவும். லெஸ்லி இறந்த பின்னும் புதினம் பல பக்கங்கள் தொடர்கிறதே என்று எவரேனும் ஒருவர் நினைவூட்டினால் போதும். தந்தையும் தங்கையும் மேடைக்கு வந்துவிடுவார்கள்.

குற்றவுணர்வு

கூடிப் பேசும் எக்குழுவிலும் தவிர்க்க இயலாத வினா ஒன்று உண்டு: லெஸ்லி இறந்தது யாருடைய குற்றம்? புதினம் இதற்கு வேண்டிய சான்றுகளைச் சிதறவிட்டிருக்கிறது. பெருகிய ஓடையைக் கடக்க ஜெஸ் அஞ்சினான். அஞ்சுவதாகச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தான். மறுநாள் ஆசிரியை அழைத்தபோது, அரைத்தூக்கத்தில் இருந்த தாயிடம் பெயரளவிற்கு இசைவு கேட்டுவிட்டுப் புறப்பட்டான். லெஸ்லியையும் அழைக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கலாம் என அவள் வீட்டைக் கடந்த பின்னரே அவனுக்குத் தோன்றுகிறது. தனியே செல்வதில் அவனுக்கு உள்ளூர மகிழ்ச்சியும் இருக்கிறது. அந்தச் சிறிய மகிழ்ச்சியே பின்னர் அவன் நெஞ்சில் தைக்கும் முள். ஒரு மாணவனை மட்டும் அழைத்துச் சென்ற ஆசிரியை, விழித்துக் கேட்காத தாய், தனியே சென்ற லெஸ்லி, கயிற்றைச் சோதிக்காத பெரியவர்கள், மழை எனக் குற்றத்தைப் பங்கிட இடம் நிறைய உண்டு.

இவ்விடத்தில் பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, "ஜெஸ்ஸின்மேல் குற்றம் எதுவும் இல்லை" என்று விரைந்து தீர்ப்பு வழங்கிவிடுவதாகும். அத்தீர்ப்பு சரியானதே. ஆனால் முதலில் அதுவே சொல்லப்பட்டுவிட்டால், ஜெஸ் தன்னைக் குற்றவாளியாகவே உணர்கிறான் என்று சொல்ல வந்த சிறுமி வாய்மூடிக்கொள்வாள். தன் வீட்டில் நிகழ்ந்த ஓர் இழப்பிற்குத் தானே காரணம் என்று எவரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கும் குழந்தை அக்குழுவில் இருக்கக்கூடும். அக்குழந்தை தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஜெஸ்ஸைப் பற்றிப் பேசினால் போதும். பிறர் ஜெஸ்ஸிற்காக வாதாடுவதைக் கேட்டால் போதும். கதைப் பாத்திரம் ஒன்றின் பெயரால் பேசிக்கொள்ளும் இந்த வசதியை நேரடி அறிவுரை தருவதில்லை. உரையாடலை நடத்துபவர் அக்குழந்தையை அடையாளம் காண முயலாமல் இருப்பதும், சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தாமல் இருப்பதும் இவ்வசதியின் நிபந்தனைகள்.

புதினத்தில் ஜெஸ்ஸின் தந்தை கையாளும் முறை கவனிக்கத்தக்கது. அவர் நீண்ட ஆறுதல் எதுவும் கூறுவதில்லை. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்திற்கு உடன்வந்த லெஸ்லி, சமய நூலில் சொல்லப்பட்டதை அப்படியே நம்பத் தேவையில்லை எனப் பேசியபோது, நம்பாதவர் நரகத்திற்குச் செல்வர் என்று மே பெல் அஞ்சியிருந்தாள். அந்த அச்சம் ஜெஸ்ஸின் மனத்தில் தங்கிவிட்டது. லெஸ்லி நரகத்திற்குச் சென்றிருப்பாளா என்று அவன் கேட்கும்போது, சிறுமிகளைக் கடவுள் நரகத்திற்கு அனுப்பமாட்டார் என்னும் பொருளில் தந்தை ஒரே வரியில் விடையளிக்கிறார். படிப்பறிவு மிக்கவராகக் காட்டப்படாத அந்த மனிதர், கேட்கப்பட்டதற்கு மட்டும் விடை சொல்கிறார். கேட்கப்படாததற்குத் தீர்ப்பு வழங்கவில்லை.

தடைகளும் பாத்திரத் தாள்களும்

இப்புதினத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கக் கோரும் முறையீடுகள் அமெரிக்காவில் தொடர்ந்து எழுந்துள்ளன. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, மிகுதியான எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியல்களில் 1990களிலும் 2000களிலும் இது இடம்பெற்றது. முரட்டுச் சொற்கள், சமயம் குறித்த பேச்சு, சிறார்க்கு ஒவ்வாத மரணம் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். சிறாரைக் காக்கும் எண்ணம் இதன் பின்னணியில் இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இக்கதையின் மூலமே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தோழியை இழந்த நிகழ்வுதான். மரணம் வயது பார்த்து வருவதில்லை. நூல் மட்டும் வயது பார்த்து விலக்கப்படுகிறது.

தடையைக் காட்டிலும் ஓசையின்றி உரையாடலை முடக்குவது வேறொன்று உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994ஆம் ஆண்டில் எழுதிய நூல், சிறு குழுக்களாக நூல்களைப் பற்றிப் பேசும் 'இலக்கிய வட்டம்' என்னும் முறையை வகுப்பறைகளில் பரப்பியது. வினா எழுப்புபவர், தொடர்பு காண்பவர், படம் வரைபவர் என உறுப்பினர்க்குப் பொறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு தாள் தரப்பட்டது. தொடக்கத்தில் துணையாக இருக்க வேண்டிய தாள் நாளடைவில் வீட்டுப்பாடமாயிற்று. ஒருவர் தம் தாளை வாசிக்க, அடுத்தவர் தம் முறைக்காகக் காத்திருந்தார். 2002ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் டேனியல்ஸே இத்தாள்கள் இயந்திரத்தனமான பேச்சை வளர்த்துவிட்டதை எடுத்துக்காட்டி, அவற்றின் பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'கற்பவை கற்றபின்' என்னும் தலைப்பில் கலந்துரையாடலுக்கு இடம் தரப்பட்டுள்ளது. அதுவும் நிரப்பித் தரவேண்டிய கட்டமாக மாறிவிடாமல் காப்பது வகுப்பறையின் கையிலேயே உள்ளது.

பாலம்

உரையாடல் இறுதியில் தலைப்பிற்கு வந்து சேரும். பாலம் எங்கே இருக்கிறது? புதினத்தின் கடைசிப் பக்கங்கள்வரை பாலமே இல்லை. லெஸ்லிக்காக மலர்வளையம் செய்துகொண்டு ஓடையைக் கடக்கும் ஜெஸ்ஸைத் தொடர்ந்து வந்த மே பெல், ஓடையின் குறுக்கே கிடக்கும் மரத்தில் பாதி வழியில் அஞ்சி உறைந்துவிடுகிறாள். அவன் திரும்பிச் சென்று அவளை மீட்கிறான். அதன் பின்னரே, ஊரைவிட்டுச் செல்லும் லெஸ்லியின் தந்தையிடம் பலகைகளைக் கேட்டு வாங்கி ஓடையின்மேல் பாலம் அமைக்கிறான். தங்கையின் தலையில் பூச்சூட்டி டெரபித்தியாவின் புதிய அரசியாக அவளை அழைத்துச் செல்கிறான்.

இங்குச் சிறார் வாசகர் இரு அணிகளாகப் பிரிவதற்குப் பனுவலே இடந்தருகிறது. லெஸ்லிக்கு உரிய இடத்தில் மற்றொருத்தியை அமர்த்துவது நட்பிற்குச் செய்யும் இரண்டகம் என்று வாதிடலாம். முன்பு பின்தொடர்ந்து வந்தபோதெல்லாம் விரட்டப்பட்ட, அழுதபோது அடிக்கப்பட்ட தங்கைக்கு அண்ணன் திருப்பிச் செலுத்தும் கடன் இது என்றும் வாதிடலாம். இவற்றைவிடக் கடினமான வினா ஒன்றும் எழக்கூடும்: அப்பாலத்தை முன்னரே அமைத்திருந்தால் லெஸ்லி உயிரோடு இருந்திருப்பாள் அல்லவா? முன்னர் அமைக்காததற்குக் காரணம் தேடும்போது, கயிற்றில் ஆடிச் செல்பவர்க்கு மட்டுமே டெரபித்தியா திறக்கும் என்று அவர்கள் இருவருமே வகுத்த விதி நினைவுக்கு வரும். மே பெல் வந்துவிடக் கூடாது என்பதும் அவ்விதியின் பயன்களுள் ஒன்று. இருவருக்கு மட்டுமே உரிய நட்பின் மதிலாகக் கயிறு இருந்தது. பாலத்தின்மேல் யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம். குடும்பத்தின் கடைக்குட்டி ஜாய்ஸ் ஆனும் ஒருநாள் வரலாம், கால் நனையாமல்.